களத்துச் சுதந்திரமும் கைப்பேசிக் கணக்கும்

பங்குனியில் வலங்கைமான் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி. நோயிலிருந்து பிழைத்தவரைப் பாடையில் கிடத்தி, செத்தவரைப்போலவே தூக்கி வருவார்கள். முன்னால் பறை போகும். இப்போது பார்க்க வந்தவர் கையிலெல்லாம் கைப்பேசி. அடிக்கிறவரைப் படம்பிடித்து யூடியூபில் ஏத்திவிடுகிறார்கள். 'மண்ணின் கலை, விலைமதிப்பில்லாதது' என்று கீழே ஒரு வரி. அடிச்சவருக்கு அன்னிக்குக் கூலியோட சரி.

தஞ்சை வட்டாரத்தில் ஊர்த்தொழில் செய்தவர்களுக்குக் களத்துமேட்டில் அளந்துபோட்ட நெல்லுக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். சாவுக்கும் திருவிழாவுக்கும் அடித்த பறைக்கு அதுதான் கணக்கு. 'இவ்வளவு வேணும்' என்று பறையடித்தவர் வாய்திறக்க முடியாது. அளந்தது மிராசுதார் கை. பேரம் பேச முடியாத கூலிக்குத்தான் இந்தப் பேர். இணையத்திலும் மரக்கால் இன்னொருத்தன் கையில்தான் இருக்கிறது என்பதே என் வாதம்.

2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யைப் பாருங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அந்தப் பாட்டை எடுத்ததாக அறிவு சொன்னார். கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே அது பாடப்பட்டது. யார் இயற்றியது என்று தகராறு. வருமானமும் உரிமையும் தீ, அறிவு, தான் ஆகிய மூவருக்கும் சமபங்கு என்று சந்தோஷ் நாராயணன் அறிவித்தார். 2024 மார்ச்சில் அவரே, அதுவரை ஒரு பைசாகூட வரவில்லை என்றார். சினிமாவில் பேர்பெற்ற இசையமைப்பாளருக்கே இந்தக் கதி என்றால், வலங்கைமான் பறைக்காரர் எந்த வாசலில் போய் நிற்பது?

சட்டம் இல்லாமல் இல்லை. நிகழ்த்துகிறவரின் அனுமதியில்லாமல் பதிவுசெய்யக் கூடாது என்ற உரிமை 1994 திருத்தத்தில் வந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி பங்கை எழுதிக்கொடுத்து இழந்துவிடாதபடி 2012 திருத்தம் காப்பு வைத்தது. ஆனால் ஒப்பாரிக்கு ஆசிரியர் யார்? வழிவழியாக அழுத கிழவிகளுக்குச் சட்டத்தில் பேரில்லை. அதனால் எவன் வேண்டுமானாலும் எடுக்கலாம். நாட்டுப்புறவியல் நூல்களும் இதைத்தானே செய்தன? தொகுத்தவர் பேர் அட்டையில். பாடியவள் கடைசிப் பக்கத்தில் 'தகவலாளி'.

நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். தலித் பத்திரிகைகள் நாமும் சாட்சியங்களைப் பதிவுசெய்தோம், அச்சிட்டோம். சொன்ன அம்மாவுக்கு ஒரு பிரதியாவது போய்ச் சேர்ந்ததா? 'இயக்கத்துக்காக' என்று சொல்லி இனாமாக வாங்குவதும் பழைய வெட்டிவேலைதான்.

இனி, பதிவுசெய்யும் முன்பே தொகை பேசுவோம். அடித்தவர், பாடியவர் பேரை முதல் வரியில் போடுவோம். இணையத்தில் காசு வந்தால் பங்கு எவ்வளவு என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். இதை முதலில் நம் மேடைகளிலும் நம் பத்திரிகைகளிலும் தொடங்கலாம். அடுத்த பங்குனிக்குள் முடியாத காரியமா இது?