வாவிக்கரையில் பிளேஸ்டேஷன் 2: பாவித்த ஒப்பீஸ் கொம்பியூட்டர் போதுமா?

பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகளைக் கொம்பியூட்டரில் ஓட்ட நினைக்கிறவர் எடுத்த எடுப்பிலேயே புதுக் கிராபிக்ஸ் கார்ட் விலை விசாரிக்கிறார். அதற்கு முன்னம் அவர் பார்க்க வேண்டிய பொருள் வேறு. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட, கொள்கலனில் வந்து இறங்கி, மட்டக்களப்புக் கடைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும் பாவித்த ஒப்பீஸ் பெட்டிகள்தான் அந்தப் பொருள். இன்டெல் ஐ5 இரண்டாம் தலைமுறை, நான்காம் தலைமுறை, ஆறாம் தலைமுறை என்று மூன்று பெட்டிகளைக் கல்லடியில் வைத்து, பிசிஎஸ்எக்ஸ்2 என்ற இலவச எமுலேட்டரில் அதே விளையாட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். மூன்றில் ஒன்றை வாங்கச் சொல்வேன். ஒன்றைக் கையில் இருந்தால் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மற்றதை இலவசமாகத் தந்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம்.

பிளேஸ்டேஷன் 2 என்ற பழைய இயந்திரத்துக்கு ஏன் இவ்வளவு மினக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பகுதியில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கேம் கடையில் மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து விளையாடிய பெட்டி இது. சான் அன்ட்ரியாஸ், ஹியர் கம்ஸ் த பெயின் மல்யுத்தம், வின்னிங் இலெவன் கால்பந்து என்று பெயர் சொன்னாலே முப்பது வயதைத் தாண்டியவர்களின் முகம் மாறும். 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளிவந்த அந்தப் பெட்டிகள் இப்போது ஒவ்வொன்றாகச் சாகின்றன. லென்ஸ் மங்குகிறது, உள்ளே உப்புக்காற்று ஏறித் தகடு பச்சை பூக்கிறது. திருத்துகிற ஆட்களும் குறைந்துவிட்டார்கள்.

எமுலேட்டர் என்ன செய்கிறது என்பது விளங்கினால் எதற்குக் காசு செலவழிப்பது என்பதும் விளங்கும். பிளேஸ்டேஷன் 2 இன் முதன்மைப் புரொசசரான ‘எமோஷன் எஞ்ஜின்’ ஓடும் வேகம் ஏறத்தாழ 295 மெகாஹேர்ட்ஸ்தான். நம் பெட்டியோ 3 கிகாஹேர்ட்ஸுக்கு மேல். பிறகேன் திணறுகிறது? பிளேஸ்டேஷன் 2 க்குள் இருப்பது ஒரே ஒரு மூளை அல்ல. எமோஷன் எஞ்ஜினுக்குள்ளேயே இரண்டு வெக்டர் யூனிட்கள், படம் வரையத் தனி சிப், உள்ளீடு வெளியீட்டுக்கு இன்னொன்று. எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று எதிர்பார்த்து ஓடுகின்றன. ஒவ்வொன்றின் கட்டளையையும் நம் புரொசசரின் மொழிக்கு மாற்றி, நேரம் பிசகாமல் ஓட்ட வேண்டும். இந்த வேலையை எட்டு, பத்து கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. பிசிஎஸ்எக்ஸ்2 முக்கியமாக இரண்டு கோர்களில் ஓடும். வெக்டர் யூனிட் 1 ஐத் தனியே ஓடவிட்டால் மூன்று. ஆகவே கோர்களின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்கக் கூடாது, ஒரு கோரின் வேகத்தைப் பார்த்து வாங்க வேண்டும். பிசிஎஸ்எக்ஸ்2 ஓட எஸ்எஸ்இ4.1 கட்டளைத் தொகுதி கட்டாயம். ஏவிஎக்ஸ்2 உள்ள நாலு கோர் புரொசசரை அதை உருவாக்குகிறவர்கள் பரிந்துரைக்கிறார்கள். இன்டெல்லில் ஏவிஎக்ஸ்2 நான்காம் தலைமுறையில்தான் வந்தது.

இரண்டாம் தலைமுறை ஐ5-2400 பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புரொசசர் ஓரளவு இழுக்கிறது. உள்ளே இருக்கும் எச்டி 2000 கிராபிக்ஸ் டைரக்ட்எக்ஸ் 10.1 உடன் நின்றுவிடுகிறது. பாரமான காட்சிகள் வந்தவுடன் படம் நிற்கிறது, சத்தம் இழுபடுகிறது. வேண்டாம்.

நான்காம் தலைமுறை ஐ5-4590 இல்தான் விசயம் சுவையாகிறது. கடையில் தந்தபடி 8 ஜிபி றாம் ஒற்றைத் துண்டாக இருந்தது. சான் அன்ட்ரியாஸ் அசல் அளவில் ஓடியது. படத்தை இரண்டு மடங்கு கூர்மையாக்கியதும் தடுக்கத் தொடங்கியது. அந்த 8 ஜிபியைக் கழற்றிவிட்டு இரண்டு 4 ஜிபி துண்டுகளைப் போட்டேன். அளவு அதேதான், தடுக்கல் பெரும்பாலும் போய்விட்டது. காரணம் இதுதான்: ஒப்பீஸ் பெட்டியின் கிராபிக்ஸுக்கெனத் தனி நினைவகம் இல்லை, அது றாமைத்தான் பங்கு போடுகிறது. டிடிஆர்3-1600 ஒற்றைத் துண்டு செக்கனுக்கு 12.8 ஜிபி கடத்தும். இரண்டு துண்டு போட்டால் 25.6 ஜிபி. பிளேஸ்டேஷன் 2 இன் படம் வரையும் சிப்பில் நினைவகம் வெறும் 4 எம்பிதான், ஆனால் அது சிப்புக்குள்ளேயே இருந்தது, அதன் வேகம் செக்கனுக்கு 48 ஜிபி. அந்தக் காலத்தில் விளையாட்டு செய்தவர்கள் இந்த வேகத்தை நம்பி ஒரே இடத்தில் புகை, வெளிச்சம், நிழல் என்று அடுக்கடுக்காக வரைந்து தள்ளினார்கள். அதைத்தான் நம் பெட்டி இன்று ஈடுகட்டப் பார்க்கிறது. கடைக்காரர், “தம்பி, எட்டு ஜிபி எட்டு ஜிபிதானே” என்பார். விட்டுவிடாதீர்கள், இரண்டு துண்டாகக் கேளுங்கள்.

ஆனாலும் 4590 இன் எச்டி 4600 கிராபிக்ஸுக்கு ஒரு எல்லை உண்டு. விண்டோஸில் அதற்கு வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகம் கிடையாது. காட் ஒஃப் வோர் 2, ஷடோ ஒஃப் த கொலோசஸ் போன்ற பாரமான விளையாட்டுகளில் அசல் அளவிலேயே இடைக்கிடை வேகம் இறங்குகிறது. கையில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது இதைத்தான். ஒரு சின்னக் கார்ட் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும்.

ஆறாம் தலைமுறை ஐ5-6500 தான் என் தெரிவு. டிடிஆர்4-2133 இரண்டு துண்டு போட்டால் 34 ஜிபி வேகம், எச்டி 530 இல் வல்கனும் உண்டு. சான் அன்ட்ரியாஸும் மல்யுத்தமும் கால்பந்தும் இரண்டு மடங்கு கூர்மையில் சிக்கலின்றி ஓடின. பாரமான விளையாட்டுகளை அசல் அளவில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு குறை உண்டு. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான ஆதரவு முடிந்தது, இந்தப் புரொசசரை விண்டோஸ் 11 உத்தியோகபூர்வமாக ஏற்பதில்லை. லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம், பிசிஎஸ்எக்ஸ்2 அதிலும் ஓடும். ஒன்றே ஒன்று, வாங்கும்போது பலகையில் டிடிஆர்3 ஆ டிடிஆர்4 ஆ என்று பார்த்து எடுங்கள். ஆறாம் தலைமுறையில் இரண்டும் வந்தன.

கார்ட் போட நினைப்பவர்களுக்கு. இந்தச் சின்னப் பெட்டிகளில் அரை உயரக் கார்ட்தான் நுழையும், பவர் சப்ளையில் கார்டுக்கென்று தனி வயரும் இராது. ஜிடி 1030 பொருத்தமானது, 30 வொட்தான் எடுக்கும். ஆனால் அதே பெயரில் இரண்டு கார்ட் விற்கிறார்கள். ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளது செக்கனுக்கு 48 ஜிபி, அதாவது அந்தப் பழைய சிப்பின் அதே வேகம். டிடிஆர்4 உள்ளது 16.8 ஜிபி மட்டுமே. இரண்டாவதை வாங்கினால் 6500 இல் சும்மா இருக்கும் கிராபிக்ஸைவிட என்ன இலாபம்? கார்டின் பெட்டியில் பொறித்திருக்கும் சின்ன எழுத்தை வாசிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

இனி நம் ஊருக்கே உரிய பிரச்சினை. கல்லடி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமான ஒடுங்கிய நிலம். காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கமும் அப்படித்தான். வெளிநாட்டில் குளிரூட்டிய அறையில் பத்து வருடம் இருந்த பெட்டி இங்கே வாடைக்காற்றுக் காலத்து ஈரத்தில் நின்றால் முதலில் றாம் துண்டின் பல்லும் கார்ட் செருகும் வாயும் கறுக்கின்றன. பெட்டி எழும்பாமல் பீப் சத்தம் போட்டால் பாதி நேரம் இதுதான் காரணம். றாமைக் கழற்றி வெள்ளை அழிறப்பரால் பல்லை மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்துப் போட்டால் எழும்பும். வாங்கும்போதே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திருகாணிகளில் துரு கண்டால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் சிக்கல் தலைகீழ். அறையே வெந்துகொண்டிருக்கும்போது பழைய தேர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தால், புரொசசர் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைக்கும். விளையாட்டு நல்லாய்த் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இழுபடுகிறது என்றால் எமுலேட்டரைக் குறை சொல்லாதீர்கள். பேஸ்டைச் சுரண்டிப் புதிதாகப் பூசுங்கள். 4590 இல் இதை மட்டும் செய்தபோதே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. கூடவே ஒரு சின்ன யூபிஎஸ் அவசியம். மெமரி கார்ட் என்பது எமுலேட்டரில் ஒரு 8 எம்பி கோப்பு. அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மாதக்கணக்கான சேமிப்பு அழியலாம். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் பிரதி எடுத்து வைப்பதும் நல்லது.

பெட்டியில் குறையில்லாமலே படம் துடிப்பதும் உண்டு. இலங்கை தொலைக்காட்சியில் பால் (PAL) முறை நாடு. அதனால் பலரிடம் உள்ளவை 50 ஹேர்ட்ஸில் ஓடும் பால் டிஸ்க்குகள். இன்றைய மொனிட்டர் 60 ஹேர்ட்ஸ். இரண்டும் ஒத்துப்போகாததால் வேகம் நூறு சதவீதம் என்று காட்டினாலும் கமரா திரும்பும்போது படம் துடிக்கும். பெட்டி போதவில்லை என்று நினைத்துப் பலர் கார்ட் வாங்கப் போகிறார்கள். பல பால் விளையாட்டுகளில் தொடக்கத்திலேயே 60 ஹேர்ட்ஸ் தெரிவு கேட்கும், அதைக் கொடுங்கள்.

மற்ற இயந்திரங்கள்: பிளேஸ்டேஷன் 1, பிஎஸ்பி இரண்டும் நான்காம் தலைமுறைப் பெட்டியிலேயே தாராளமாக ஓடும். பிஎஸ்பிக்குப் பிபிஎஸ்எஸ்பிபி என்ற எமுலேட்டரைப் போட்டால் கைப்பேசியே போதும். பிளேஸ்டேஷன் 3 க்கு இந்தப் பெட்டிகளை வாங்க வேண்டாம். அதன் செல் புரொசசரை ஈடுகட்ட ஆறு கோராவது உள்ள புதிய புரொசசர் தேவை.

கடைசியாகச் சொல்ல வேண்டியதுதான் எனக்கு மிக முக்கியம். பிசிஎஸ்எக்ஸ்2 உடன் பயோஸ், அதாவது பிளேஸ்டேஷன் 2 ஐத் தொடக்கும் மென்பொருள், வராது, அது சோனியின் உரிமை. உங்கள் சொந்தப் பிளேஸ்டேஷன் 2 இலிருந்து எடுத்துக்கொள்வதே நேரான வழி, அதற்கு அந்தப் பெட்டி ஒருமுறையாவது ஒழுங்காக எழும்ப வேண்டும். அசல் டிஸ்க்கை ஒப்பீஸ் பெட்டியின் டிவிடி டிரைவே வாசித்து ஐஎஸ்ஓ கோப்பாக்கும். அலுமாரிக்கு மேலே பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கும் பழைய பெட்டியை இந்தக் கிழமை இறக்குங்கள். அது எழும்பினால், அடுத்த மாரிக்கு முன்னம் பயோஸையும் டிஸ்க்குகளையும் பிரதி எடுத்துவிடுங்கள். ஐ5-6500 ஐப் பிறகும் வாங்கலாம்.