தேதியும் தெருவும்

தரங்கம்பாடியைப் பற்றிய பிரயாணக் கட்டுரைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. 1620-இல் டேனிஷ்காரர் டான்ஸ்பர்க் கோட்டை கட்டியதில் தொடங்கி, 1845-இல் ஆங்கிலேயருக்கு ஊரை விற்றதோடு முடித்துவிடுகிறார்கள். ஊருக்குள் எப்படி நடப்பது என்று சொல்வதில்லை. முன்பு மதில் சூழ்ந்திருந்த அந்த ஊரில், மயிலாப்பூர் மாட வீதிகளைவிட வழி சுலபம். 1792-இல் கட்டிய வாசலில் நுழைந்து ராஜ வீதியோடு கிழக்கே போனால், சீகன்பால்கின் 1718-ஆம் வருஷத்துத் தேவாலயம். கடலோரம் வலக்கையில் கோட்டை. இடப்பக்கம், அலை அரித்த மாசிலாமணிநாதர் கோயில். அது 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பாண்டியர் காலத்தது. நடக்க நடக்கக் காலம் பின்னால் போகிறது! தேதி வரிசையில் எழுதினால் இந்த ரசம் கிட்டாது. ஊரே 1620-இல்தான் பிறந்தது என்றும் வாசகர் நம்பிவிடுவார். நானும் அப்படி ஒன்று எழுதியவன்தான். நடந்து பார்த்த பிறகே தவறு புரிந்தது.