ஏவலின்றிச் சுமப்போர்

ஊர்ச் செய்தியை உரைக்க ஒரு காலத்தில் தண்டோரா இருந்தது. இன்று வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பழையது போயிற்றே எனப் புலம்புவோர் ஒருபுறம். புதியது வந்தது, பொற்காலம் பிறந்தது எனப் பூரிப்போர் மறுபுறம். எந்த அளவுகோல் கொண்டு அளந்தீர்கள் என்று இருசாராரையும் நாம் கேட்கிறோம்.

தண்டோராவுக்காக ஏங்குவானேன்? பறையடித்தவன் ஒடுக்கப்பட்டவன், ஆணையிட்டவனோ ஆதிக்கக்காரன். சொல்லும் உரிமை ஒருவனுக்கு, சுமக்கும் இழிவு மற்றொருவனுக்கு! அதை நிறுத்தி, ஒலிபெருக்கியால் அறிவிக்கும்படி 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அறிவுறுத்தியது. நன்றே செய்தது.

குழுவிலே எல்லோருக்கும் வாய் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, படகும் உணவும் கிடைக்குமிடத்தை மக்கள் ஒருவருக்கொருவர் கைப்பேசி வழியே அறிவித்தனர். அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை.

ஆனால், 2018 மே மாதம் நடந்ததென்ன? திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிச் சென்ற மூதாட்டியொருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் வருகின்றனர் என்ற வதந்தி முன்னரே கைப்பேசிகளில் பரவியிருந்தது. கூட்டம் கூடியது, அடித்தே கொன்றது. வதந்தியை எழுதியவன் யார்? பெயரில்லை! பரப்பியவர்களைக் கேட்டால், "வந்ததை அனுப்பினோம்" என்பர். அந்த ஆண்டு ஜூலையில், வந்த செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்குமேல் முன்னனுப்பவொண்ணாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் வரம்பு கட்டிற்று. விரலுக்கு வரம்பு வந்தது, அறிவுக்கு வந்ததா?

நமது படிப்பகங்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஏட்டைப் படிப்பார், பலர் கேட்பர். ஏட்டிலே அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்கும். அதை 1867ஆம் ஆண்டுச் சட்டமே கட்டாயமாக்கியிருந்தது. வெள்ளையர் தம் நலத்துக்கு இயற்றிய சட்டந்தான்; எனினும் சொல்லுக்குப் பொறுப்பாளி உண்டு என்பதை அது நிலைநாட்டிற்று. "இது மெய்யா?" என்று கேட்போன் எழுந்தால், படித்தவர் விடையளித்தாக வேண்டும். சாதிக்கொரு குழு அமைத்து, கேள்வி கேட்டவனை வெளியேற்றும் இன்றைய வழக்கம் அங்கே செல்லுமா?

தண்டோராக்காரன் பிறர் சொல்லைச் சுமந்தான். மறுத்தால் அவனுக்கு வாழ்வில்லை. இன்றைய இளைஞனும் பிறர் சொல்லைச் சுமக்கிறான். அவனை ஏவியவர் எவர்? எவருமில்லை! விடுதலை பெற்ற கையால் விரும்பி ஏற்கும் அடிமைத்தனம் இது.

தோழர்களே! கருவியைப் பழிக்கவும் வேண்டாம், தொழவும் வேண்டாம். அடுத்த செய்தி வரும்போது, "சொன்னவர் யார்? சான்று எங்கே?" என்று குழுவிலேயே கேளுங்கள். விடை வராதாயின், அச்செய்தி உங்கள் கையோடு நிற்கட்டும்!