தேவி பிரசாத் ராய் சௌத்ரி

தேவி பிரசாத் ராய் சௌத்ரி (ஜூன் 15, 1899 – அக்டோபர் 15, 1975) சிற்பி, ஓவியர், கலை ஆசிரியர். சென்னைக் கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலை, காந்தி சிலை ஆகியவற்றை உருவாக்கியவர். பொது இடங்களுக்கான வெண்கலச் சிற்பங்களுக்காக முதன்மையாக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியிலுள்ள தேஜ்ஹாட்டில் பிறந்தார். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியமும், ஹிரண்மய் ராய் சௌத்ரியிடம் சிற்பமும் கற்றார். 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1957 வரை அங்கே பணியாற்றினார். கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் ஆகியோர் அவருடைய மாணவர்கள். 1954-இல் தொடங்கப்பட்ட லலித் கலா அகாதமியின் முதல் தலைவர். 1958-இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

முக்கியப் படைப்புகள்

- பாட்னா தலைமைச் செயலகத்தின் முன் உள்ள தியாகிகள் நினைவுச் சிற்பம். 1942 ஆகஸ்ட் 11 அன்று கொடியேற்றச் சென்று சுட்டுக்கொல்லப்பட்ட ஏழு மாணவர்களுக்கானது.
- உழைப்பாளர் சிலை, சென்னை (1959)
- காந்தி சிலை, சென்னை (1959)
- தண்டி யாத்திரைச் சிற்பம், டெல்லி. பதினொரு உருவங்கள் கொண்டது. அவர் மறைவுக்குப் பின் நிறுவப்பட்டது. பழைய 500 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

கலையில் இடம்

தமிழகத்தின் உலோகச் சிற்பம் என்றதும் நினைவுக்கு வருபவை காவிரிப் படுகையின் செப்புத்திருமேனிகள். திருவெண்காட்டு ரிஷபவாகனரின் உடலில் முயற்சியின் சுவடே இல்லை. எலும்பும் நரம்பும் மறைந்த உடல் அது. ராய் சௌத்ரி அதே உலோகத்தில் இதற்கு நேர்மாறான உடலைச் செய்தார். அவருடைய உழைப்பாளிகளின் முதுகு வளைகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. ரோதனின் பாதிப்பு இதில் தெளிவாகத் தெரிகிறது.

உழைப்பாளர் சிலைக்கு அவர் வைத்த பெயர் ‘உழைப்பின் வெற்றி’. ஆனால் சிற்பத்தில் வெற்றி இல்லை. நால்வர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். பாறை இன்னும் நகரவில்லை. மக்கள் வழக்கில் ‘வெற்றி’ உதிர்ந்து ‘உழைப்பாளர்’ மட்டும் நின்றது. பெயரை விடச் சிற்பத்தையே மக்கள் சரியாகப் படித்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். தலைவர்களின் சிலைகள் வரிசையாக நிற்கும் மெரினாவில் பெயரற்ற நால்வருக்குக் கிடைத்த இடம் இது. அவர்களுக்குப் பீடத்தில் பட்டமோ வரலாறோ தேவைப்படவில்லை. வேலையே அடையாளம்.

இச்சிற்பத்தின் குறையும் இங்கேதான் உள்ளது. நால்வரும் ஆண்கள். நாற்று நடுவதும், களை பறிப்பதும், கட்டடங்களில் சித்தாளாகச் செங்கல் சுமப்பதும் பெண்களாக இருக்கும் நாட்டில், உழைப்பு ஆணின் புஜபலமாகச் சுருங்கிவிடுகிறது. உடற்கூறின் மீதான அவருடைய ஈடுபாடு சில இடங்களில் நாடகத்தன்மையை எட்டுகிறது என்பதும் ஏற்கத்தக்க விமர்சனமே.

அவருடைய மாணவர்கள் அந்த இயற்பண்புவாதத்திலிருந்து விலகினர். பணிக்கர் 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவி நவீன ஓவியத்திற்கு வழியமைத்தார். கலை வரலாற்றில் ராய் சௌத்ரி முந்தைய தலைமுறையினராக ஆனது அப்படித்தான். ஆனால் ஓவியக்கூடத்திற்குள் ஒருபோதும் நுழையாத பல லட்சம் பேர் தினமும் பார்த்துக் கடக்கும் சிற்பம் அவருடையதுதான். பொதுவெளிச் சிற்பத்தைப் பாணியின் புதுமையை மட்டும் கொண்டு அளக்க முடியாது. யாரைப் பீடத்தில் ஏற்றியது என்பதும் அதன் அளவுகோல். அந்த அளவில் உழைப்பாளர் சிலை தமிழகத்தின் முதன்மையான பொதுச் சிற்பங்களில் ஒன்று.