காதோரக் குரல்

ஆர்.கே.பேட்டையில் தியானத்துக்கு முதல் சவால் விசைத்தறிச் சத்தம். அமைதி வேண்டுமென்றால் திருத்தணிக்குப் போய் 365 படி ஏறலாம்; தினமும் முடியுமா? அதனால்தான் செல்போன் செயலியும் இயர்போனும்.

நல்ல வழிகாட்டிக் குரலை, அது எங்கே நிறுத்துகிறது என்பதை வைத்தே எடைபோடலாம். மூச்சைக் கவனிக்கச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். மனம் கூட்டுறவுச் சங்கத் தவணைக்கு ஓடிய நேரத்தில் அதட்டாமல் திரும்பக் கூப்பிட வேண்டும். சில செயலிகள் அருவி, புல்லாங்குழல் என்று ஒலியைக் கொட்டுகின்றன. கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்தது போலிருக்கும்.

புத்த பிக்குவாக இருந்த ஆண்டி புடிகோம் இன்னொருவருடன் இணைந்து 2010இல் தொடங்கிய ஹெட்ஸ்பேஸ் நிறுவனம், இப்படிக் குரல் வழிகாட்டும் தியானத்தை உலக வியாபாரமாக்கியது. நம் பக்கம் இது பழைய சங்கதி. கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவர் வழி மன்றங்களில் ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் கண்மூடி அமர்கிறார்கள். தறிக்காரர் கொடுத்த முறை, தறி ஊருக்கு அந்நியமாகுமா என்ன!

முறை இருந்தாலும் தினமும் உட்காரும் பழக்கம் வர வேண்டுமே. எந்தப் பழக்கமும் 21 நாளில் வந்துவிடும் என்பார்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவின் ஆய்வோ சராசரியாக 66 நாள் என்றது. ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை. இடையில் ஒருநாள் விட்டாலும் குடிமுழுகாதாம். ஆனால் பல செயலிகள் தொடர் அறுந்ததும் எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்கிவிடுகின்றன. அந்த எண்ணைப் பார்க்காமல், காலைக் காப்பிக்கும் தறி சுவிட்சுக்கும் நடுவே பத்து நிமிடம் ஒதுக்கிக்கொள்வது உத்தமம்.