ஒரு மார்க் உண்மை

பக்கத்து ஃப்ளாட் பையன் கெமிஸ்ட்ரி கைடுடன் வந்தான். 'அயனிச் சேர்மங்கள் மின்சாரத்தைக் கடத்தும். சகப்பிணைப்புச் சேர்மங்கள் கடத்தா' என்ற வரிக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தது.

"அப்ப உப்புக்கல்லு ஷாக் அடிக்குமா அங்கிள்?"

அடிக்காது. கைடு எழுதினவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மின்சாரம் பாய, மின்னூட்டம் உள்ள ஏதாவது ஒன்று நகர வேண்டும். அவ்வளவுதான் விஷயம். உப்பில் சோடியம், குளோரைடு அயனிகள் இருக்கின்றன. ஆனால் அசையாமல் அணிவகுத்து நிற்கின்றன. 801 டிகிரி செல்சியஸில் உருக்கினாலோ, தண்ணீரில் கரைத்தாலோதான் விடுதலை. பாடப் புத்தகங்களில் இந்த நிபந்தனை இருக்கும். கைடுகள் சுருக்கும்போது முதலில் வெட்டுவது நிபந்தனையைத்தான்.

இரண்டாவது பாதி இன்னும் மோசம். சர்க்கரைத் தண்ணீர் கடத்தாது, சரி. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் சகப்பிணைப்புச் சேர்மம்தான். தண்ணீரில் கரைத்தால் அயனிகளாக உடைந்து நன்றாகவே கடத்துகிறது.

பெரிய உதை பாலி அசிட்டிலீனிடமிருந்து. கார்பன், ஹைட்ரஜன், எல்லாம் சகப்பிணைப்பு, பிளாஸ்டிக் ஜாதி. 1967ல் ஜப்பானில் ஷிரகாவாவின் பரிசோதனைச் சாலையில் வினையூக்கியைத் தப்பாக ஆயிரம் மடங்கு கொட்டிவிட்டார்கள். வெள்ளி போலப் பளபளக்கும் படலம் வந்தது. குப்பையில் போடாமல் ஆராய்ந்தார். பிறகு அமெரிக்காவில் மக்டயார்மிட், ஹீகருடன் சேர்ந்து அதற்கு அயோடின் ஆவி காட்டினார். கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு எகிறியது! 1977ல் வெளியிட்டார்கள்.

காரணம், அந்தச் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு மாறி மாறி வருவது. அயோடின் சில எலெக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்ள, காலியிடம் உண்டாகிறது. நெரிசலான பஸ்ஸில் ஒருத்தர் இறங்கினால் மற்றவர்கள் நகர முடிகிறதே, அதுபோல மிச்ச எலெக்ட்ரான்கள் நகர்கின்றன. மூவருக்கும் 2000ல் நோபல் பரிசு.

ஆக, பிணைப்பின் பெயரைச் சொன்னால் போதாது. எது கட்டுண்டிருக்கிறது, எது ஓடக்கூடும் என்று சொல்ல வேண்டும். இதற்குக் கூடுதலாக இரண்டு வரி போதும். கைடில் அதற்கு இடமில்லை, நட்சத்திரத்துக்கு இடமிருக்கிறது.

"பரீட்சையில என்ன எழுதட்டும்?" என்றான் பையன்.

"கைடுல இருக்கறதையே எழுது, மார்க் வேணும். ஆனா நம்பிடாதே" என்றேன். ஒரு மார்க்குக்காகச் சின்னப் பையனிடம் இப்படிச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வருத்தம்.