வைத்தியர் எழுதிய இரண்டு நாவல்கள் – ஒரு மதிப்பீடு

பிலிப்பைன்ஸ் மக்கள் தங்கள் தேசிய வீரராகக் கொண்டாடும் ஹோசே ரிசால் (1861–1896) தொழிலால் கண் வைத்தியர். மாட்ரிட் சர்வகலாசாலையில் 1884ல் வைத்தியத்தில் லைசென்ஷியேட் பட்டம் வாங்கியவர். அதற்கு மேல் ஆய்வேடு கொடுத்து வாங்க வேண்டிய டாக்டர் பட்டத்தை அவர் வாங்கவில்லை. பாரிசில் வெக்கரிடமும் ஹைடல்பர்க்கில் பெக்கரிடமும் கண் சிகிச்சை கற்றுக்கொண்டு, 1887ல் ஊர் திரும்பித் தம் தாயாரின் கண்ணுக்கே வைத்தியம் பார்த்தார். ஸ்பெயினில் வெளிவந்த 'லா சொலிதாரிதாத்' பத்திரிகையில் புனைபெயர்களில் எழுதினார். 1892ல் 'லீகா ஃபிலிப்பினா' என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். ஆரம்பித்த சில நாட்களிலேயே கைது செய்து தபித்தானுக்கு நாடு கடத்திவிட்டார்கள். வைத்தியம், பத்திரிகை, அரசியல் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன. இந்த மூன்றும் அவருடைய நாவல்களுக்குள் என்ன செய்தன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். வாழ்க்கை வரலாறு வேண்டுபவர்களுக்குப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன.

இரண்டு நாவல்களையும் அவர் ஸ்பானிஷ் மொழியில் எழுதினார். நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பில். முதல் நாவல் 'நோலி மே தாங்கெரே' 1887ல் பெர்லினில் அச்சாயிற்று, இரண்டாயிரம் பிரதிகள். அச்சுக்கூலிக்குப் பணம் கொடுத்து உதவிய மாக்சிமோ வியோலாவும் ஒரு வைத்தியரே. 'என்னைத் தொடாதே' என்று பொருள்படும் இந்த லத்தீன் தொடர் வேதாகமத்தில் வருவது. அந்தக் காலத்து வைத்தியர்கள் முகத்தில் வரும் ஒருவகைப் புற்றுப் புண்ணுக்கும் இதே பெயரை வைத்திருந்தார்கள். நாவலின் முன்னுரையில் ரிசால், தம் நாட்டைப் பிடித்த நோய் லேசாகத் தொட்டாலும் சீறுகிற புற்று என்கிறார். பழங்காலத்தில் நோயாளியைக் கோயில் படிக்கட்டில் கிடத்தி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மருந்து கேட்பார்களாம். அதைப்போல இதையும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வைக்கிறேன் என்கிறார். 1912ல் இதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் 'தி சோஷியல் கான்சர்' என்று தலைப்பை மாற்றிவிட்டார். அது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். நோயின் பெயரை அட்டையிலேயே போட்டுவிட்டால் நோயாளி அலறுகிற சத்தம் காணாமல் போகிறது. 'என்னைத் தொடாதே' என்று சொல்வது யார்? நோயா, நோயாளியா, தொடப் பயப்படுகிற வைத்தியனா? தலைப்பில் இந்தச் சந்தேகம் இருந்தால்தான் நாவலுக்கு அழகு.

'நோலி'யில் நல்ல வைத்தியர் ஒருவர் முக்கியப் பாத்திரமாக வருவார் என்று எதிர்பார்த்துப் படித்தேன். வந்தது போலி வைத்தியர். திபூர்சியோ என்கிற நொண்டி ஸ்பானியர், மாட்ரிட் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்தவர். அவர் பெண்டாட்டி தோன்யா விக்டோரினாவின் பிடுங்கல் தாங்காமல் டாக்டர் ஆகிவிடுகிறார். ஸ்பானியர் என்ற ஒன்றுதான் அவருக்குத் தகுதி. இந்தப் பகுதிகளில் ரிசாலின் கை விளையாடுகிறது. சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கார், கசப்பு உள்ளே இருக்கிறது. சீசா என்ற ஏழைத் தாய் பைத்தியமாவதை எழுதும்போது மட்டும் சிரிப்பு நின்றுவிடுகிறது. கோயிலில் வேலை பார்த்த அவள் சின்ன மகன் கிறிஸ்பின் திருடினான் என்று பழி வருகிறது. அவன் காணாமல் போகிறான். பெரியவன் பசிலியோ தப்பிக்கிறான். கிறிஸ்துமஸ் இரவில் பசிலியோவின் மடியில் தாய் உயிர் விடுகிறாள். எனக்குத் தெரிந்து அந்த நாவலின் சிகரம் இதுதான். கதாநாயகன் இபாராவின் காதல் காட்சிகள் இதன் பக்கத்தில் நிற்காது.

இரண்டாவது நாவல் 'எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ' 1891ல் பெல்ஜியத்தில் கெண்ட் நகரில் வந்தது. 1872ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட மூன்று பாதிரியார்களுக்கு அதைச் சமர்ப்பணம் செய்திருக்கிறார். செத்துப் போனதாக எல்லோரும் நினைத்த இபாரா, சிமூன் என்ற பெயரில் நகை வியாபாரியாகத் திரும்பி வருகிறான். கவர்னர் ஜெனரலுக்கு நெருக்கமாகி, கொடுமையை இன்னும் கூட்டும்படி தூண்டுகிறான். புண் முற்றினால்தான் ஜனங்கள் எழுந்து அடிப்பார்கள் என்பது அவன் கணக்கு. முதல் நாவலின் முன்னுரையில் புண்ணை எல்லோருக்கும் காட்டிய வைத்தியரே இரண்டாவது நாவலில் புண்ணைக் கிளறிவிடுகிற ஒருவனைப் படைத்திருக்கிறார். இதைத் தம்மையே நோக்கி அவர் கேட்டுக்கொண்ட கேள்வியாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

நாற்பது வருஷம் நகை வியாபாரத்தில் இருந்தவன் என்கிற முறையில் சிமூன் பெட்டியைத் திறக்கும் அத்தியாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிளியோபாத்ராவின் கழுத்தணி, ரோமாபுரி மோதிரம் என்று ஒரு கிராமத்து வீட்டில் பரப்பி வைக்கிறான். எந்த வியாபாரியும் அப்படிக் கடை விரிக்க மாட்டான். நாடகத்தனமான காட்சி அது. ஆனால் அதே அத்தியாயத்தில் ஒரு சின்ன லாக்கெட் வருகிறதே, அதில்தான் எழுத்தாளனின் சூட்சுமம் தெரிகிறது. 'நோலி'யில் மரியா க்ளாரா அதை ஒரு குஷ்டரோகிக்குத் தானம் கொடுக்கிறாள். அந்த ரோகி தனக்கு வைத்தியம் பார்த்த பசிலியோவுக்குக் கூலியாகக் கொடுக்கிறான். பசிலியோ தன் காதலி ஹூலிக்குக் கொடுக்கிறான். தகப்பனைக் கொள்ளைக்காரர்களிடமிருந்து மீட்கப் பணம் இல்லாதபோதும் ஹூலி அதை விற்கவில்லை. அடிமை வேலைக்குப் போகிறாள். கடைசியில் நிலத்தைப் பாதிரிமாரிடம் பறிகொடுத்த அந்தத் தகப்பன் தாலெஸ், லாக்கெட்டை வைத்துவிட்டு சிமூனின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். தானம், கூலி, காதல், துப்பாக்கி என்று ஒரே பொருளுக்கு நாலு விலை. அந்த நாட்டுக் கதை முழுக்க இதற்குள் அடங்கிவிட்டது.

குறை சொல்லாமலும் இருக்க முடியாது. கிரோகா என்ற சீன வியாபாரியைக் கேலிச்சித்திரமாகத்தான் ரிசால் வரைந்திருக்கார். சிமூனுக்கு ஒன்பதாயிரம் பெசோ கடன்பட்ட அந்த மனிதன், இரண்டாயிரம் தள்ளுபடிக்காகத் தன் கிடங்கில் துப்பாக்கி வைக்கச் சம்மதிக்கிறான். வேற்றூரில் கடை வைத்துப் பிழைக்கிறவனை எல்லாத் தரப்பும் கறக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. அந்தப் பயத்தை உள்ளேயிருந்து காட்டியிருக்கலாம். ரிசாலின் பரம்பரையிலேயே சீனத்திலிருந்து வந்து குடியேறிய முன்னோர் உண்டு. இத்தனைக்கும் 1890ல் 'லா சொலிதாரிதாத்'தில் பிலிப்பினோக்கள் சோம்பேறிகள் என்ற பழிக்குப் பதில் எழுதும்போது, சோம்பல் நோய்க்குக் காரணமல்ல, நோயின் விளைவு என்று அழகாக வாதித்தவர் அவர். அந்த நியாயத்தை கிரோகாவுக்கும் கொடுத்திருக்க வேண்டாமா?

இனி பசிலியோவுக்கு வருவோம். இரண்டாவது நாவலில் அவன் வைத்தியக் கல்லூரி மாணவன். சிமூன் அவனைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறான். தனி மனிதனின் வலியைத் தீர்ப்பதே என் லட்சியம், விஞ்ஞானம் நிலைக்கும் என்று பசிலியோ மறுத்துவிடுகிறான். பிறகு செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போகிறான். அந்தச் சமயத்தில் ஹூலி பாதிரியார் வீட்டிலிருந்து குதித்துச் சாகிறாள். வெளியே வந்தவன் சிமூனிடம் தானாகவே போகிறான். ஒரு கல்யாண வீட்டில் வைக்க, நைட்ரோகிளிசரின் நிரப்பிய மாதுளம்பழ வடிவ விளக்கைச் சிமூன் தயார் செய்திருப்பதை அவனுக்குக் காட்டுகிறான். விருந்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் சாகப் போகிறார்கள். கடைசி நிமிஷத்தில் பசிலியோ, வாசலில் நிற்கும் நண்பன் ஈசகானியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறான். மணப்பெண்ணைக் காதலித்தவன் ஈசகானி. ஓடிப்போய் விளக்கை எடுத்து ஆற்றில் எறிகிறான்.

நம் யசோதர காவியத்தில் ராஜா உயிருள்ளதைக் கொல்ல மறுத்து மாவினால் செய்த கோழியைப் பலியிடுகிறான். ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. ஆனாலும் கொல்லும் எண்ணம் இருந்ததால் அவனும் அவன் தாயும் பல பிறவி எடுத்துத் துன்பப்படுகிறார்கள். சிமூனின் விளக்கும் ஒரு மாக்கோழிதான். வெடிக்கவில்லை, யாரும் சாகவில்லை. ரிசால் இந்தக் கணக்கை எப்படித் தீர்க்கிறார்? சிமூன் விஷம் குடித்து ஃப்ளோரெந்தினோ பாதிரியார் வீட்டில் உயிரை விடுகிறான். அவனுடைய நகைப் பெட்டியைப் பாதிரியார் கடலில் எறிகிறார். சாகிறவனுக்குப் பாதிரியார் சொல்கிற நீண்ட உபதேசத்தில், தீமையால் பெற்ற விடுதலை விடுதலை ஆகாது என்ற கருத்து வருகிறது. கருத்தில் எனக்குச் சம்மதமே. ஆனால் பிரசங்கம் நீளம். வைத்தியர் பேச வேண்டிய இடத்தில் பாதிரியார் பேசுகிறார்.

ஈசகானி கணக்கு இன்னும் சிக்கலானது. விளக்கைத் திருடியது யார் என்று பிறகு ஊரில் பேச்சு வரும்போது, அது எதற்காக வைக்கப்பட்டது என்று யோசித்திருந்தால் அந்தத் திருடன் எடுத்திருக்க மாட்டான் என்கிற தொனியில் அவன் பேசுகிறான். அத்தனை உயிரைக் காப்பாற்றியவனுக்கே அதில் வருத்தம்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அஹிம்சை பேசுகிற நாம் ஈசகானியை மெச்சுவோம். ரிசால் அவனை நிம்மதியாக மெச்ச விடவில்லை. உபதேசத்தைவிட இந்த ஒரு பேச்சு பெரிது.

நிஜ வாழ்க்கையில் அந்த விளக்கு அவர் கைக்கே வந்தது. 1896 ஜூனில் கத்திபுனான் புரட்சிச் சங்கத்திலிருந்து பியோ வலென்சுவேலா என்ற இன்னொரு வைத்தியர், ஒரு குருடரைக் கண் காட்ட அழைத்து வருவது போலத் தபித்தான் வந்து, ரிசாலின் ஆதரவைக் கேட்டார். இது சமயமல்ல என்று ரிசால் மறுத்தார். ஆகஸ்டில் புரட்சி வெடித்தது. டிசம்பரில் சிறையிலிருந்து அதைக் கண்டித்து அறிக்கையும் எழுதினார். ஸ்பானிய அரசு அவரை விடவில்லை. அதே டிசம்பர் 30ந் தேதி மணிலாவில் சுட்டுக் கொன்றார்கள். விளக்கைத் தொட மறுத்தவருக்கும் அதே தண்டனைதான்.

அதனால்தான் பசிலியோவை ரிசால் அப்படி விட்டது எனக்கு ஒப்பவில்லை. சிமூனுக்கு முடிவு இருக்கிறது, ஈசகானிக்கு ஒரு பேச்சாவது இருக்கிறது. எண்ணத்தால் கொலைகாரனாகி, வாயால் அதைத் தடுத்த அந்த இளம் வைத்தியன் கல்யாண ராத்திரிக்குப் பிறகு என்ன ஆனான்? கதை அவனை இருட்டில் விட்டுவிடுகிறது. 1956ல் சட்டம் போட்டு இந்த நாவல்களை அந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கும்படி செய்தார்கள். அவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள் என்றே நினைக்கிறேன். ரிசால் மூன்றாவதாக ஒரு நாவலைத் தகாலோக் மொழியில் தொடங்கி, பிறகு ஸ்பானிஷுக்கு மாற்றி, முடிக்காமலே விட்டார். கிடைத்திருக்கும் பக்கங்கள் வேறொரு ஊரையும் வேறொரு பாதிரியாரையும் பற்றியவை.